நாற்பதுக்குப் பிறகு நாவல்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஆற்றிவரும் தொண்டினை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். எத்தனை பிள்ளைகள் பள்ளியிறுதி தேறினார்கள், எத்தனை பேர் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தார்கள் என்னும் கணக்கெல்லாம் விழா மலரில் வரவிருக்கின்றது. ஆதலின் அதனை நாம் மீண்டும் கூறப்போவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. நாற்பது, ஐம்பது வயதை எட்டிய ஒருவர், வீட்டில் இருந்தபடியே தொழில் செய்துகொண்டு, தம் முதல் நாவலை எழுத முடியுமா? எழுத முனைந்தால் குறுக்கே நிற்பது எது?

கல்விச் சங்கத்து விழாவில் நாவலைப் பற்றிய பேச்சு எதற்கு, அரசுப் பணித் தேர்வைப் பற்றிப் பேசலாமே என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் எண்ணுவது அவர் முகத்திலேயே தெரிகின்றது. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். அந்தத் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கும் இந்தப் பொருளில் ஒரு பங்கு உண்டு. பெரும்பங்கு என்றே சொல்லலாம்.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, "வீட்டிலிருந்தே பணி" என்னும் தொடர் நாடெங்கும் புதிய சொல்போலப் புழங்கியது. பெருநகரங்களில் கணினிப் பணி செய்வோர் வீட்டு மேசையில் அமர்ந்து சம்பளம் பெற்றதைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. தென்காசி வட்டாரத்துத் தாய்மார்களுக்கு இதில் என்ன வியப்பு இருக்கின்றது? நம் தெருக்களில் மூன்று தலைமுறையாக நடப்பது வீட்டிலிருந்தே பணிதான். பீடிக் கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து, இலையை நனைத்து, வெட்டி, சுளகை மடியில் வைத்துச் சுற்றி, கட்டுக் கட்டி, எண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்து, கழித்துப் போட்டது போக மிஞ்சியதற்குக் கூலி பெறுகிறார்கள். 1966ஆம் ஆண்டில் நடுவண் அரசு இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே ஏற்றுக்கொண்டது. ஆகவே வீட்டில் இருந்து செய்யும் பணி என்பது நம் மக்களுக்குச் சலுகை அன்று, பிழைப்பு.

இந்தப் பிழைப்பின் நடுவே நாவல் எழுத இடம் உண்டா என்பதுதான் கேள்வி. வேலை செய்யும் கையும் பேசும் வாயும் ஒரே திண்ணையில் இருக்கின்றன என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். நாலு பெண்கள் வட்டமாக அமர்ந்து பீடி சுற்றும்போது ஊர்க்கதை முழுவதும் அங்கே ஓடுகின்றது. யார் வீட்டில் என்ன நடந்தது, எந்தக் கணக்குப்பிள்ளை எப்படி ஏய்த்தான், பாட்டி காலத்தில் எந்தக் கிணற்றில் நீர் எடுக்க விடாமல் தடுத்தார்கள் என்பதெல்லாம் குரல் மாறாமல், சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்லப்படுகின்றன. நாவலுக்கு வேண்டிய சரக்கு இதைவிட வேறு என்ன? எழுதத் துணியும் கல்லூரி மாணவர் அந்தச் சரக்கை வெளியில் தேடி அலைகிறார். நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு அது மடியிலேயே கிடக்கின்றது.

நம் ஊருக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவு பழமையானது. குற்றாலக் குறவஞ்சியை அறியாதார் யார்? மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய அந்நூலில் குறத்தி வருகிறாள், மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள், ஊர் கிறங்கிக் கேட்கின்றது. அதற்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. நூல் அழகியது, நாமும் வகுப்பறையில் உவந்து நடத்துகிறோம். ஆயினும் ஒன்று எண்ணிப் பாருங்கள். பேசுபவள் குறத்தி, எழுதுகோல் கவிராயர் கையில், நிலமும் கவிராயருக்கே. பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அவர்களின் இல்லத்தில் கவிதையைச் சுவைப்பதற்கென்றே அறிஞர்கள் வந்து கூடினார்கள். தமிழுக்கு அது நன்மை செய்தது. அந்தக் கூடத்தில் நம் முன்னோர் எவரேனும் விருந்தினராக அமர்ந்திருந்ததாக நாம் படித்ததில்லை.

நம் வட்டாரத்தில் நாவலும் இல்லாமல் இல்லை. இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கிய திப்பணம்பட்டியில் பிறந்த சு. சமுத்திரம் அவர்கள், அரசு அலுவலகத்தில் ஒடுக்கப்பட்ட சமுதாயத்து ஊழியர் படும் பாட்டை 'வேரில் பழுத்த பலா'வில் எழுதினார். அதற்கு 1990ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. நல்லெண்ணத்தோடு பிறர் எழுதியதை நாம் நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் நம் வீட்டு அடுப்படியின் புகை எந்தப் பக்கம் சுழலும் என்பது அந்த அடுப்படியில் நின்றவருக்கே தெரியும்.

இனி வயதுக்கு வருவோம். "இந்த வயதில் இனி என்ன எழுத்து" என்று சொல்லிச் சொல்லியே நம்மவர் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். தமிழில் முதல் நாவல் என்று கொண்டாடப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முனிசீப் பணியிலிருந்து விலகிய பின்னர், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வெளியிட்ட நூலோடுதான் தமிழ் நாவல் வாழ்வே தொடங்குகின்றது.

இடைசெவல் கி. ராஜநாராயணன் அவர்களை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், உழவர், இளமையில் காசநோயால் வாடியவர். அவருடைய 'மாயமான்' என்னும் சிறுகதை 'சரஸ்வதி' இதழில் வந்தபோது 1958ஆம் ஆண்டு. அவருக்கு முப்பத்தைந்து வயதளவு. 'கோபல்ல கிராமம்' என்னும் முதல் நாவல் 1976இல் வந்தபோது ஐம்பதைக் கடந்துவிட்டார். வீட்டையும் வயலையும் விட்டு எங்கும் போகாமல், ஊரார் பேசுவதைக் காதால் வாங்கிக் கையால் எழுதினார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமே அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991இல் அக்காதெமி விருதும் வந்தது. இதை இளைஞர்களிடம் சொல்லும்போது உடன் ஒன்றையும் சொல்வது நம் வழக்கம். அவருக்கு உழுவதற்குச் சொந்த நிலம் இருந்தது. அவர் ஊர்த் தெருவில் நடந்தால் யாரும் வழிமறிக்கப் போவதில்லை. நம்மவர் அதே வேலையைச் செய்ய இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடியில் 1953இல் பிறந்த சோ. தர்மன் நூற்பாலையில் தொழிலாளியாகப் பல்லாண்டு உழைத்தவர். முதல் நாவலாகிய 'தூர்வை' 1996இல் வெளிவந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயதளவு. 'சூல்' நாவலுக்கு 2019இல் அக்காதெமி விருது பெற்றார். சாதி முத்திரை குத்தித் தம்மை ஒரு மூலையில் உட்கார வைப்பதை அவர் ஏற்பதில்லை. அது அவர் உரிமை. நாமும் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, முன்வரிசையில் வைக்கிறோம்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் ஒரு பதிப்பகத்தில் பணியாற்றிக்கொண்டு, இரண்டு ஆண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து, பிள்ளைகள் கண் விழிக்குமுன் எழுதினார். முதல் நாவல் 1970இல் வந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. 1993இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நம் ஊரில் விடியுமுன் எழாத தாய் யார்?

ஆகவே வயது தடை அன்று. படிப்பும் தடை அன்று. நேரங்கூட நாம் நினைக்கும் அளவு தடை அன்று. அதைப் பின்னர்ச் சொல்கிறோம். அப்படியானால் தடை எது? சற்றுக் கசப்பாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

மராட்டிய மாநிலத்தில் பல்டண் என்னும் ஊரில் பேபி காம்ப்ளே என்னும் அம்மையார் வாழ்ந்தார். 1929இல் மகார் சமுதாயத்தில் பிறந்தவர். பாபாசாகேப் அம்பேத்கரின் இயக்கத்தில் வளர்ந்தவர். வீட்டோடு சேர்ந்த சிறு மளிகைக் கடை நடத்தினார். பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய தாள்களைப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டார். கடையில் ஆள் இல்லாத பொழுதில் தம் மக்களின் வாழ்க்கையை எழுதினார். எழுதிய நோட்டுகளைக் கணவர் கண்ணிலும் மகன் கண்ணிலும் படாமல் இருபது ஆண்டுகள் மறைத்து வைத்தார். 1982இல் 'ஸ்திரீ' என்னும் மராத்தி இதழில் அது தொடராக வெளிவந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயதளவு. 1986இல் நூலாயிற்று. அது நாவல் அன்று, தன்வரலாறு. எனினும் வீட்டில் இருந்து பிழைத்துக்கொண்டே நடுவயதில் எழுத்தாளரானவருக்கு அவரைவிடச் சான்று வேறில்லை. இருபது ஆண்டுகள் அவர் யாருக்கு அஞ்சினார் என்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பெருந்தனக்காரருக்கு அன்று, தம் வீட்டாருக்கு.

நம் வட்டாரத்திலும் ஒரு தாய் இருக்கிறார். அவர் இசைவு பெற்றே சொல்கிறோம், பெயர் சொல்லப்போவதில்லை. நம் பள்ளியில் படித்துச் சென்ற மாணவர் ஒருவரின் அன்னை. நாற்பத்தேழு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பீடி சுற்றுகிறார், குற்றாலத்தில் சாரல் காலம் வந்தால் விடுதி ஒன்றில் அறை பெருக்கும் வேலைக்கும் போய் வருகிறார். பிள்ளைகள் எழுதி மீந்த நோட்டுகளில் மூன்று நோட்டு நிறைய எழுதியிருக்கிறார். தம் தாய் நடவுக்குப் போன காலம், தேநீர்க் கடையில் தனிக் குவளை தொங்கிய காலம், பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா சுளகின் முன் உட்கார வைப்பதா என்று வீட்டில் மூண்ட சண்டை எல்லாம் அதில் உள்ளன. நாம் படித்தோம். எழுத்துப் பிழை உண்டு. ஆனால் கையில் எடுத்தால் வைக்க மனம் வரவில்லை.

அவருடைய மகன் பட்டம் பெற்றுப் பெருநகரத்தில் நல்ல பணியில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவர் நோட்டைப் படித்துவிட்டு, "அம்மா, இதை யாருக்கும் காட்டாதீர்கள். எனக்குப் பெண் பார்க்கும் நேரம் இது. என் அலுவலகத்தில் நான் எந்தத் தெரு என்று ஒருவருக்கும் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அத்தாய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, இதைக் கிழித்துப் போட்டுவிடட்டுமா?"

அந்த இளைஞரை நாம் குறை கூறவில்லை. வாடகை வீடு தேடும்போது எப்படிச் சுற்றி வளைத்துக் குலம் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் தெரியும். மறைத்துக்கொண்டால் ஒரு வேளையேனும் நிம்மதியாக உண்ணலாம் என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் நம் சங்கம் கட்டணம் கட்டிப் படிக்க வைத்த பிள்ளை, அந்தப் படிப்பைக் கொண்டே தாயின் எழுத்தைப் படித்து, அந்தப் படிப்பின் பெயராலேயே அதை மூடி வை என்று சொல்வானானால், இருபத்தைந்து ஆண்டு உழைப்பில் எங்கோ ஒரு நூல் அறுந்திருக்கின்றது. அதை இந்த மேடையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

அச்சம் வெறும் கற்பனையும் அன்று. பாமா அவர்கள் துறவு மடத்தை விட்டு வெளியேறிய பின் எழுதிய 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது அவர் புனைபெயரில்தான் எழுதினார். ஆயினும் அவர் ஊரார் தங்களைக் கேவலப்படுத்திவிட்டதாகச் சினந்தார்கள். சில மாதங்கள் அவர் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. பின்னர் அந்நூல் பல மொழிகளுக்குச் சென்றது, பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. ஆனால் அந்தச் சில மாதங்களை அவர்தாமே வாழ்ந்து கழித்தார்?

இங்கேதான் நாவல் என்னும் வடிவம் கைகொடுக்கின்றது. தன்வரலாற்றில் பெயரும் தெருவும் கதவெண்ணும் வெளியே நிற்கும். நாவலில் அவற்றை மாற்றலாம். இரண்டு பெண்களை ஒரு பெண்ணாக்கலாம். ஒரு தெருவை இரண்டாகப் பிரிக்கலாம். நடந்ததற்குப் பதில் நடந்திருக்க வேண்டியதையும் எழுதலாம். பட்ட வலி மட்டும் மாறாது. ஆகவே நாம் அத்தாயிடம், கிழிக்க வேண்டாம், மாற்றி எழுதுங்கள் என்று சொன்னோம். இப்போது அவர் தம் நாயகியைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஐந்தருவியிலும் பேரருவியிலும் குளிக்க வருவோர் ஈரத் துணியோடு அறைக்குத் திரும்புகிறார்கள். அந்த அறையின் தரையைத் துடைப்பவள் கண்ணில் உலகம் எப்படி இருக்கின்றது என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அருவியைப் பாடிய புலவர் பலர். அந்த ஈரத் தரையைப் பற்றி எழுதப்பட்ட நாவல் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை.

எழுத விரும்பும் உறுப்பினர்களுக்குச் சில சொல்ல வேண்டும். நேரத்தைப் பற்றி முன்பு சொல்வதாகச் சொன்னோம். ஒரு நாளைக்கு 150 சொற்கள் எழுதுங்கள். நோட்டில் ஒரு பக்கம் அளவே. ஓராண்டில் 54,750 சொற்கள். ஒரு நாவலுக்கு அது போதும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் பீடி சுற்றி எண்ணிக் கொடுக்கும் கைக்கு 150 சொல் மலைப்பான எண்ணிக்கை அன்று. வீட்டு வேலையின் இயல்பே துண்டு துண்டாக அறுபடுவதுதான். உலை கொதிக்கும், குழந்தை அழும், கடைக்காரர் ஆள் அனுப்புவார். ஆதலின் நீண்ட அமைதியான நேரம் வாய்க்கட்டும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். கை வேலையில் இருக்கும்போது அடுத்த பக்கத்தை மனத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். பேனா எடுக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

தொடக்கத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்பதில்லை. மறக்க முடியாத ஒரு நாளை முதலில் எழுதுங்கள். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். பாட்டி பேசியதைப் பாட்டி பேசியபடியே எழுதுங்கள். "அங்ஙன" என்றால் "அங்ஙன"தான். அதை "அவ்விடத்தில்" என்று திருத்தினால் பாட்டி செத்துப்போவாள். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் சிவப்பு மைப் பேனாவைப் பள்ளி மேசையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். சாத்தியமான இடத்தில் ஒற்றெழுத்தைச் சரி செய்யலாம். குரலைச் சரி செய்யலாகாது. (மேடையில் இப்படிச் செந்தமிழில் பேசிக்கொண்டு இதைச் சொல்வது நமக்கே சிரிப்பாக இருக்கின்றது.) இன்னொன்று. பணம் கொடுத்தால் உடனே நூலாக்கித் தருகிறோம் என்று வருவோரிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். இதழுக்கு ஒரு பகுதியை அனுப்பிப் பாருங்கள். ஒரு பிரதியாவது எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகும் வீட்டில் ஒரே நோட்டு என்பது ஆபத்து.

இளைஞர்களே, இனி உங்கள் பங்கு. பெரியவர்களுக்குக் கைபேசியில் தமிழ்த் தட்டச்சு வராது, உங்களுக்கு வரும். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஒரு நோட்டைப் பெயர்த்தெழுதிக் கொடுங்கள். அப்படி எழுதும்போது ஒரு சொல்லையும் நாகரிகப்படுத்தாதீர்கள். எழுதியவரிடம் கேட்காமல் ஒரு வரியையும் நீக்காதீர்கள். தேர்வுக்குப் படிக்கும் நேரம் கெடும் என்று அஞ்ச வேண்டாம். பிழையின்றித் தமிழ் எழுதும் பயிற்சி உங்களுக்கே உதவும். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு நோட்டு பீரோவின் அடியில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கண்டால் கோபப்படாமல் முதல் பக்கத்தைப் படியுங்கள்.

சங்கத்தின் படிப்பகத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை இதற்கென்று திறந்து வைக்க நிர்வாகிகள் இசைந்திருக்கிறார்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு, பூட்டும் அலமாரி ஒன்று. நோட்டுகளை வீட்டில் வைக்க முடியாதவர்கள் அங்கே வைக்கலாம்; சாவி எழுதியவரிடமே இருக்கும். பெயர்த்தெழுத விரும்பும் தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.

அந்தத் தாயின் மகனுக்கு நாமும் ஒரு கடிதம் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. அவர் தாய் நாலாவது நோட்டைத் தொடங்கிவிட்டார்.